ஒரே வாரத்தில் பத்து அலர்ஜி

திங்கட்கிழமை அந்தப் பாலர் வகுப்பில் பால் அலர்ஜி ஒரே ஒரு குழந்தைக்குத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பத்துப் பேருக்கு வந்துவிட்டது.

"இது தொத்து வியாதிதான், சந்தேகமே இல்ல!" என்றார் புல்டோசரின் அம்மா. அவர் பெற்ற நாலரை வயது வாண்டுக்கு வகுப்பு வைத்த பெயர் அது.

"அலர்ஜி தொத்தாதுங்க," என்றார் டீச்சர்.

"தொத்தாமலா என் பையன் தூக்கத்துல கூட சொறியறான்? டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு ஒண்ணுமே இல்லங்கறார். டாக்டருக்கே பிடிபடலன்னா எவ்வளவு பெரிய வியாதியா இருக்கணும்! அந்தப் புதுப் பொண்ணு வந்த பிறகுதான் எல்லாம். ஒண்ணு, அவளை அனுப்புங்க. இல்ல, எங்க பிள்ளைங்களுக்கு டி.சி. குடுங்க."

பின்னால் நின்ற எட்டு அம்மாக்களும் தலையாட்டினார்கள்.

அந்தச் சிறுமிக்கு மாட்டுப்பால் ஒரு சொட்டு பட்டாலே உதடு வீங்கி, மூச்சு இழுக்கும். மூன்று பள்ளிகள் கையை விரித்த பிறகு இங்கே வந்தவள். வீட்டிலிருந்து வரும் சோயா பால்தான் அவளுக்கு. டீச்சரும் அவளுக்காக எல்லா ஏற்பாட்டையும் பக்காவாகச் செய்திருந்தார். இனி எந்த முகத்தோடு அவளைப் போகச் சொல்வது?

"ஒரு மணி நேரம் பொறுங்க," என்று வகுப்புக்குள் போனார்.

மணி பத்து. பால் டம்ளர்கள் வந்தன. உடனே ஒன்பது பேர் சொறிய ஆரம்பித்தார்கள்.

"டீச்சர், அரிக்குது!"

"எனக்குத் தடிப்பே வந்துடுச்சு!" என்று ஒருத்தி கையை நீட்டினாள். கை நிறையப் பச்சைப் புள்ளிகள்.

"தடிப்பு சிவப்பாத்தானே இருக்கும்?"

"சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைப் புல்டோசர் தரவே மாட்டேங்கறான் டீச்சர்!"

குட்டு உடைந்தது. ஓகோ, சோயா பாலுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இத்தனை நாடகமா? டீச்சருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கடையிலிருந்து இரண்டு பாக்கெட் சோயா பால் வரவழைத்து, ஒன்பது டம்ளரிலும் நிறைய ஊற்றினார். வாசலில் அம்மாக்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

முதல் வாயிலேயே ஒன்பது முகங்களும் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி கோணின. பச்சைப் புள்ளிக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். புல்டோசருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் ஒருத்தரும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எப்படிடா இருக்கு?"

"சூ... சூப்பர் டீச்சர்," என்று தேம்பினான் புல்டோசர். "தினமும் இவ்வளவு குடிக்கணுமா?"

"பிடிக்கலதானே? அப்புறம் எதுக்குடா எல்லாருமா சேர்ந்து பொய் சொன்னீங்க? உங்களால அந்தப் பொண்ணு ஸ்கூலை விட்டே போகப் போறாடா!"

புல்டோசர் வாயைத் துடைத்துக்கொண்டு டீச்சரை முறைத்தான்.

"பால் குடிக்கிறவங்க யாரும் அவ மேஜைக்குப் போகக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? பாவம், அவ தனியா உக்காந்து அழுதா!"