பெரிய அம்பு

உப்பு முதலாளி சக்கரபாணி, பில் போடும் மேரிசெல்வியின் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் அவள் பதறிக்கொண்டு பக்கத்தில் ஓடினாள்.

சிறு வயது முதல் உப்பு வாரி, வெயிலில் கூசிக் கூசி அவள் கண் மங்கியிருந்தது. பில் போடும் வெள்ளைத் திரையில் மவுஸின் வெள்ளை அம்பு, உப்புப் பாத்தியில் இறங்கிய கொக்குபோல் காணாமல் போய்விடும். அதனால் அதைப் பெரிதாக, கறுப்பாக மாற்றிக்கொள்வாள். வீட்டுக்குப் போகும்போது பழையபடி ஆக்கிவிடுவாள். நேற்று மறந்துவிட்டாள்.

கண் சரியில்லை என்றுதான் போன மாதம் எடை போடும் கலியபெருமாளை முதலாளியின் மகன் வேலையைவிட்டு நிறுத்தினான்.

“இந்த அம்பை யாரும்மா இவ்ளோ பெரிசாக்கினது?”

“நான்தாங்க... தெரியாம செஞ்சிட்டேன். இப்பவே சின்னதாக்கிடுறேங்க.”

“அதுல கைய வெச்சே, அவ்ளோதான்!”

அவள் மவுஸை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். சக்கரபாணி எழுந்து, வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நானும் உப்பு வாரின ஆளுதாம்மா. இதுல அம்புன்னு ஒண்ணு இருக்குறதே இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது. இப்படியே இருக்கட்டும். எம்புள்ள கேட்டா, வைரஸ் வந்திடுச்சுன்னு சொல்லிடு. இல்லன்னா அடுத்து என்னைத்தான் வீட்ல உட்கார வைப்பான்.”