பன்னிரண்டாவது படம்

"பாஸ் பண்ணது பன்னெண்டு பேரு. ஃப்ளெக்ஸ்ல பதினோரு மூஞ்சிதான் கீது. உன்னுது மட்டும் இல்ல" என்றாள் ஜஹீதா.

மகள் ஃபிசா மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தாள். மயிலாப்பூர் மாட வீதியில், அவள் படித்த பயிற்சி மையத்தின் மாடியிலிருந்து தொங்கியது அந்த ஃப்ளெக்ஸ். பேங்க், ரயில்வே, மின்வாரியம் என்று எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் வேலை வாங்கிய அவளைத்தான் காணோம்.

"மறந்துட்டாங்களோ என்னவோம்மா."

"போன வாரம் ஃபோட்டோ கேட்டு வாங்கினாங்கன்னு நீதானே சொன்னே? நம்ம பேரைப் பாத்து ஒதுக்கிட்டாங்கடி. வேற இன்னா?"

ஃபிசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நோன்பு மாதத்தில் அவள் ஒருத்திக்காக சாயங்கால வகுப்பையே மூன்று மணிக்கு மாற்றியவர், மையத்தை நடத்தும் மதுவந்தி மேடம். அவரா இப்படி?

போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை அத்தாவின் அண்ணன், பெரியத்தா வருகிறார். பொட்டைப் பிள்ளைக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று கேட்ட மனிதர். "வந்து ஃப்ளெக்ஸைப் பாருங்க" என்று தன் தையல் கடையில் நாலு பேர் முன்னால் அவரிடம் அத்தா சவால் விட்டிருந்தார்.

மாடியில் மேடம் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஃப்ளெக்ஸ்ல என் படம்..."

"போடல."

"ஏன் மேடம்?"

"எங்க வேலைன்னு எத்தனை பேர்கிட்ட சொன்னே?"

"சொந்தக்காரங்க, எங்க தெரு, அத்தா கடைக்கு வர்றவங்க..."

"போதும். இனிமே கவர்மென்ட் ஆபீஸ்னு மட்டும் சொல்லு."

ஃபிசா விழித்தாள். பாராட்டு கிடைக்கும் என்று பார்த்தால் திட்டு விழுகிறது. பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்த ஜஹீதாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, எங்க பொண்ணு வேலையை வெளிய சொன்னா உங்களுக்கு இன்னா கொறஞ்சுடும்? உங்க வீட்டுக்காரர் இருபது வருசமா ஏதோ ஆபீஸ்ல கிளார்க்கு. அவரை மேல ஏத்தி விட முடியல. எங்க பொண்ணு மேல போனா வயிறு எரியுதா?"

"அம்மா, சும்மா இரும்மா" என்றாள் ஃபிசா. அவமானத்தில் முகம் சுட்டது. ஆனால் மேடத்தின் புருஷன் கிளார்க் என்பது தெருவே அறிந்த விஷயம்தான்.

மேடம் கோபப்படவில்லை. கேள்வித்தாள் வைக்கும் பீரோவைத் திறந்தார்.

கதவின் உட்பக்கம் முழுக்க பாஸ்போர்ட் சைஸ் படங்கள். பேர் இல்லை, மார்க் இல்லை, ஆபீஸ் இல்லை. கடைசியாக ஃபிசாவின் முகம். பசை இன்னும் காயவில்லை.

"இவ்வளவு பேரும் உன்னை மாதிரி இடத்துக்குப் போனவங்க" என்றார் மேடம். "உன் முகத்தையும் ஆபீஸையும் நடுத்தெருவில மாட்டினா, நாளைக்கு எவனாவது ஃபோன்ல சிநேகிதன் மாதிரி பேச்சுக் கொடுத்து உள்விஷயம் பிடுங்கப் பார்ப்பான். ஃப்ளெக்ஸால எனக்கு விளம்பரம். உனக்கு வம்பு."

ஃபிசாவின் கண் கலங்கியது. இப்படிப்பட்டவரையா சந்தேகப்பட்டோம்?

ஜஹீதாவின் குரல் இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை இவ பெரியத்தா வருவாரும்மா. அவருக்கு இன்னா சொல்றது?"

"கவர்மென்ட் ஆபீஸ்னு சொல்லுங்க. கிளார்க்குன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்" என்றபடி, மேல் வரிசையில் ஓரம் பிய்ந்திருந்த முதல் படத்தை விரலால் அழுத்தி ஒட்டினார் மேடம்.

அது அவர் வீட்டுக்காரரின் படம்.