சத்தியத்தை மீறிய மச்சான்

மச்சானின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. ஸ்பேனர் இருக்கிறதா என்று சீட்டைத் தூக்கிப் பார்த்த லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் ஒரு ரசீது கிடைத்தது.

கேம் கன்சோல், புதிய மாடல், ஒன்று. வாங்கிப் பத்து நாளாகியிருந்தது. பெயர் சாட்சாத் மச்சானுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்குமாடி வாசலில் நின்றபடியே மெக்கானிக் அதை இரண்டு முறை படித்தார்.

இரண்டு வருடம் காத்திருந்து ஆசை ஆசையாய் ஒரு கன்சோல் வாங்கியவர் அவர். பதினோரு மாதம்கூட முடியவில்லை, அதைவிட வேகமான மாடல் ஒன்றை இறக்கிவிட்டு, பழையதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது கம்பெனி. அன்றிலிருந்து சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட அவர் அந்தக் கம்பெனியைத்தான் திட்டினார்.

சேர்ந்து விளையாடும் ஐந்து பேரும் புதுசை வாங்குவதில்லை என்று சத்தியம் செய்யவைத்தவரும் அவர்தான். முதல் ஆளாகச் சத்தியம் செய்தவன் அவர் மனைவியின் தம்பி, இந்த மச்சான்.

"இது என்ன மச்சான்?"

ரசீதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. "மாமா, அது வந்து..."

"எனக்கு விக்கும்போதே கம்பெனிக்காரனுக்குத் தெரியும், அடுத்தது ரெடியாகிட்டிருக்குன்னு. ஒரு வார்த்தை சொன்னானா? நான் மாட்டின லிஃப்டுக்கு இருபது வருஷம் கழிச்சும் பார்ட்ஸ் தர்றோம். இவனால ஒரு வருஷம் பொறுக்க முடியல. சரி, அவன் யாரோ. நீ என் வீட்டு ஆளு இல்லையா?"

"பழசு மேல எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. வேற வழி தெரியல."

"என்ன வழி தெரியல? என்னோடது பழசுதானே, நல்லாத்தான் ஓடுது. மிக்ஸி மாதிரி கத்திட்டிருந்துச்சு. உங்க அக்கா உள்ள தூசி தட்டினதுலேர்ந்து மூச்சு விடுறது இல்ல. மேட்ச்ல எல்லாருக்கும் முன்னாடி நான்தான் உள்ள போய் நிக்கிறேன். இதுக்கு மேல என்ன வேகம் வேணும் உனக்கு?"

மச்சான் அண்ணாந்து மூன்றாவது மாடி பால்கனியைப் பார்த்தான். அங்கே அவன் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன பார்வை? அக்கா வந்து சிபாரிசு பண்ணுவாளா?"

"இல்ல மாமா. தப்பு என்னோடதுன்னே வச்சுக்குங்க."

"வச்சுக்கிறது என்ன, உன்னோடதுதான்." "கம்பெனிக்காரன் ஏமாத்தினப்ப கோபம்தான் வந்துச்சு. நீ ஏமாத்தினது வலிக்குதுடா. இனிமே விளையாட்டு அது இதுன்னு என் வீட்டுப் பக்கம் வராத."

மச்சான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தான். எந்த மெஷினையும் சத்தத்தை வைத்தே சரிசெய்துவிடும் லிஃப்ட் மெக்கானிக், அந்த வண்டியைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தவர், முதல் வேலையாக வாட்ஸ்அப் குழுவிலிருந்து மச்சானை நீக்கினார். 'துரோகிக்கு இங்கே இடமில்லை' என்று எழுதிப் போட்டார். மாலை ஐந்து மணிக்கு இறுதிப் போட்டி. ஐந்து பேர் அணி இப்போது நாலு பேராகியிருந்தது.

கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். விளையாட மனம் வரவில்லை. கன்சோல் வாங்கிய அன்று டிவி ஸ்டாண்டுக்குள் வைத்து, வயர் மாட்டி, பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தது எல்லாம் மச்சான்தான். அன்றைக்கு அவரைவிட அவன்தான் அதிகம் குதித்தான்.

மனைவி காலி துணிக்கூடையோடு உள்ளே வந்தாள்.

"அவனை என்ன சொன்னீங்க? வண்டியைத் தள்ளிட்டுப் போறான்."

அவர் ரசீதை நீட்டினார். "உன் தம்பி லட்சணத்தைப் பாரு. சத்தியம் பண்ணிட்டு முதுகுல குத்திட்டான்."

அவள் படித்தாள். கூடையைக் கீழே வைத்தாள். ஜன்னல் ஓரத்துப் பூந்தொட்டியைப் பார்த்தாள். கொஞ்ச நாள் முன்புவரை அது டிவி ஸ்டாண்டின் மேல்தான் இருந்தது.

"அவனைத் திட்டாதீங்க. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க. செடிக்குத் தண்ணி ஊத்தும்போது கை தவறி உங்க பெட்டிக்குள்ள இறங்கிடுச்சு. புகைஞ்சு, அப்படியே செத்துப்போச்சு."

"எது செத்துப்போச்சு? நேத்துகூட விளையாடினேனே."

"உங்க கோபத்துக்குப் பயந்து தம்பிகிட்டதான் போய் அழுதேன். அதே மாதிரி பழசு வாங்கிடலாம்னு ஏழு கடை ஏறி இறங்கினான். எங்கேயும் இல்லன்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு அவன்கிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். அதை இன்னிக்கு வரைக்கும் காப்பாத்திட்டான்."

அவர் ரசீதைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "அப்ப இந்த ரசீது?"

அவள் குனிந்து டிவி ஸ்டாண்டின் கதவைத் திறந்தாள்.

"பத்து நாளா புதுசுல விளையாடுறது நீங்கதாங்க."