பெஞ்சுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

டம்பெல்லை எடுக்கக் குனிந்த பரிதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெஞ்சுக்கு அடியில் பாதியாக அறுத்த ஒரு எலுமிச்சம்பழம். அறுத்த பக்கத்தில் செக்கச்செவேலென்று ஏதோ அப்பியிருந்தது. சுற்றிலும் கல்லுப்பு.

இது மூன்றாவது தடவை. முதல் பழத்தைக் கண்டது காலை பேட்ச்சில் வரும் அனுராதா. அவள் போட்ட கூச்சலில் பாதிப் பெண்கள் அன்றைக்கே நின்றுவிட்டார்கள். இரண்டாவது பழம் கிடைத்ததும் மீதிப் பேருக்கும் மூட்டுவலியும் மாமியார் வருகையும் வந்துவிட்டன. செய்வினை வைத்த இடத்துக்கு யார் வந்து உடம்பைக் குறைப்பார்கள்?

கத்தார் வெயிலில் காய்ந்து சேர்த்ததையும், மூன்று மா நிலம் விற்றதையும் மன்னார்குடியில் இந்த ஜிம்மில்தான் கொட்டியிருந்தான் பரிதி. இது படுத்தால் அவனும் படுத்தான்.

யார் வைக்கிறார்கள்? பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஜிம் திறந்தவனா? நிலத்தை விற்றதில் கடுப்பான பங்காளிகளா? வாசல் கேமராப் பதிவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தான். வந்தவன் போனவன் எல்லார் பையும் உப்பியிருந்த மாதிரியே தெரிந்தது. எதிர்க்கடை டீ மாஸ்டர் சிரித்தால்கூட, இவனாக இருக்குமோ என்று தோன்றியது.

"என்னடா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே பிரபு உள்ளே வந்தான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், இங்கே பயிற்சி கொடுக்கிற மாஸ்டரும் அவன்தான். பழத்தைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாலைவனத்துலயே பயப்படாதவன், எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படுறியே! க்ளீன் பண்ண ஜெயபாரதி வருதுல்ல, அது கெமிக்கலே தொடாது. எல்லாம் இயற்கை. எலுமிச்சையும் கல்லுப்பும் வச்சுத் துரு தேய்ச்சிருக்கும். மறந்து போட்டுட்டுப் போயிருக்கும்."

"அப்ப இந்தச் செவப்பு?"

"துருடா! குங்குமம்னு நெனச்சியா?"

போன உயிர் திரும்பி வந்தது பரிதிக்கு. இவ்வளவுதானா? பழத்தை எடுத்து லேசாக அழுத்தினான். சாறு விரல் இடுக்கில் வழிந்தது.

"எதுக்கும் ஜெயபாரதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுறேன்."

"அது முந்தாநாளே வேதாரண்யம் போயிடுச்சு, அக்கா வீட்டு விசேஷம். சாயங்காலம்தான் வரும். இதப் போயி கேட்டு அத ஏன் சங்கடப்படுத்துற?" பிரபு அவன் தோளில் கை போட்டான். "எனக்கு என்னமோ இந்தத் தொழிலு உனக்கு ஒத்துவரலைன்னுதான் தோணுது. பேசாம எங்கிட்ட விட்டுட்டு நீ கத்தாருக்கே திரும்பிப் போயிடேன்."

பரிதிக்கு அது காதிலேயே விழவில்லை. வாட்ஸ்அப்பில் பெண்கள் குரூப்பைத் திறந்து மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். செய்வினையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் இயற்கை முறைச் சுத்தம். சாயங்காலம் வந்து கண்ணால் பாருங்கள்.

வந்தார்கள். பயத்தைவிட ஆர்வம் பெரிசாயிற்றே! அனுராதா மட்டும் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டே நின்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்த் தன் கூடையோடு வந்த ஜெயபாரதிக்கு, இத்தனை பேரைப் பார்த்ததும் கூச்சம். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், வேப்பிலை கொதிக்கவைத்த சாறு, வெட்டிவேர்த் தண்ணீர் அடைத்த ஸ்பிரே, பழைய வேட்டித் துணி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நாள்பட்ட வியர்வை நாற்றமடித்த ஒரு பாயைத் துடைத்து நீட்டினாள்.

"மோந்து பாருங்கக்கா. கண்ணும் எரியாது, கையும் அரிக்காது."

அனுராதா குனிந்து முகர்ந்தாள். முகம் மலர்ந்தது. "அட, நல்லாத்தான் இருக்கு! நாங்கதான் என்னென்னமோ நெனச்சிட்டோம்." வெளியே இருந்த காலும் உள்ளே வந்தது. பரிதிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து பிரபு வந்து சேர்ந்தான். கூட்டத்தைக் கண்டு வாசலிலேயே தயங்கினான்.

"வா வா, நல்ல நேரத்துலதான் வந்திருக்க" என்ற பரிதி, மேசை டிராயரிலிருந்து புத்தம்புது எலுமிச்சம்பழத்தையும் கல்லுப்புப் பொட்டலத்தையும் எடுத்தான். "ஜெயபாரதி, இத வச்சு நீ எப்படித் துரு எடுக்குறன்னு எல்லாருக்கும் காட்டும்மா."

"அதெல்லாம் இப்ப எதுக்குடா?" பிரபு அவசரமாகக் குறுக்கே வந்தான். "வந்தவங்கள நிக்க வச்சுக்கிட்டு... ஆரம்பிக்கலாம், வாங்க."

"ஒரு நிமிஷம்டா. இதப் பாத்தாத்தான் இவங்க பயம் அடியோட போகும்."

ஜெயபாரதி பழத்தை வாங்கவில்லை. பரிதியைப் பார்த்தாள், பிரபுவைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"கம்பியில பாலிஷ் போயிடும், எலுமிச்சம்பழத்த இந்தப் பக்கமே கொண்டு வரக்கூடாதுன்னு மொத நாளே சொன்னது பிரபு மாஸ்டர்தானேண்ணே?"