வழுக்காத வீடு

முன்னங்காலில் புதுக் கட்டோடு மேஜைமேல் கிடந்தது நாய்க்குட்டி. வளர்ந்தாலும் மடியில் அடங்கிவிடும் சின்ன ஜாதி. ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டாவது முறிவு.

"எலும்பு முத்துற வரைக்கும் சோபாவுல இருந்து குதிக்க விடாதீங்க," என்றார் டாக்டரம்மா.

"சோபாவையே தூக்கி வெளியில போட்டுட்டேன் டாக்டர்," என்றார் குட்டியின் சொந்தக்காரர்.

"மாடிப்படி?"

"தடுப்பு வெச்சாச்சு."

"தரை வழவழன்னு இருந்தா மூட்டு போயிடும்."

"போன மாசமே வாசல்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் விரிப்பு போட்டாச்சு. ஓடினாக்கூட வழுக்காது!"

டாக்டரம்மாவுக்கு மனசு நிறைந்துபோனது. ஒரு குட்டியை இப்படித் தாங்கு தாங்கென்று தாங்கும் ஆளை அவர் பார்த்ததே இல்லை. பிறகு ஏன்தான் உடைகிறது? எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தார். முறிவைத் தவிர எலும்பில் ஒரு குறையும் இல்லை.

"ஊசி போடணும். நீங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்கம்மா."

அதுவரை மூலையில் நின்றிருந்த சொந்தக்காரரின் மனைவி வந்து ஒரு கையை மட்டும் நீட்டினாள். சால்வை நழுவியது. இன்னொரு கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு.

"என்னம்மா ஆச்சு?"

"முந்தாநாள் ஹால்ல வழுக்கி விழுந்துட்டா," என்றார் கணவர்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். எதுவும் கேட்டுவிடாதீர்கள் என்பதுபோல் அவள் லேசாகத் தலையசைத்தாள்.

"வீட்டுக்குப் போலாமாடா செல்லம்?" என்று கணவர் குனிந்து கை நீட்டினார்.

குட்டி படுத்த இடத்திலேயே மூத்திரம் போனது.