உரிமை பூரா எங்களோடது

"ஆப்பை எழுதினது நீயா இருக்கலாம். உரிமை பூரா எங்களோடது," என்று சிரித்தார் மேனேஜர். "அதுக்கு விருது வாங்கப் போறது நான். உனக்கு இங்க வேலை இல்ல. உன் கணக்கை அழிச்சிட்டுக் கிளம்பு."

"எல்லார் போன்லயும் அந்த ஆப் ஓடுறதுக்கான அனுமதியே என் கணக்குலதான் இருக்கு சார். முதல்ல அதை மாத்திக்கணும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? இப்பவே அழி!"

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். அறைக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் போனில் கணக்கை அழித்தாள். கனத்த கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

தெருவில் இறங்குவதற்குள் மேனேஜர் போனில் அலறினார். "ஏம்மா, என் ரூம் கதவு திறக்க மாட்டேங்குது!"

"அதைத் திறக்கிற ஆப்தானே சார் நான் எழுதினது? உரிமை பூரா உங்களோடதாச்சே! கதவுகிட்டயே எடுத்துச் சொல்லுங்க."