மழைச் சாலையில் ஒரு தாய்

ஒரு மரப்பலகையில் பழைய சாலை ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். அதில் ஒரு தாய் முதுகில் குழந்தையைச் சுமந்து, கைகளைப் பின்னால் கோத்து, மழைக்குக் குனிந்து நடந்தாள். பலகையில் மை தடவித் தாளை விரிப்பார்கள். மூங்கில் உறை போட்ட தேய்ப்பான் என்னும் கருவி அதன் மேல் தேய்த்ததும் இருவரும் தாளில் பதிந்துவிடுவார்கள்.

குழந்தையின் கோடுகள் மழைக்கோடுகளைப் போலவே மெலிசு. தாள் தாளாக அச்சிட அச்சிட அவை தேய்வதைத் தாய் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, மெதுவா தேய்ங்க. பிள்ளை முகம் கரையுது.”

“சரி தங்கச்சி” என்று தேய்ப்பான் பூப்போல ஒற்றி எடுத்தது. அந்தத் தாளில் குழந்தைக்கு முகமே விழவில்லை.

“ஐயோ, அழுத்துங்கண்ணே!”

“அழுத்தினா தேயுதுங்கறே, விட்டா விழலைங்கறே. நான் என்னதான் செய்ய?”

“இந்த ஒரு தடவை அழுத்துங்க. முகத்தைப் பார்த்துக்கறேன்” என்றாள். அடுத்த தாளுக்கும் அதையே சொன்னாள்.

கடைசித் தாளை வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“இங்க பாரேன். மழைதான் விட்டுப்போச்சே, முதுகிலயும் ஒண்ணுமில்லே. இவ ஏன் இன்னும் கையைப் பின்னால கோத்துக்கிட்டு குனிஞ்சே போறா?”